ஒரே நாள், மூன்று உருண்டை: பள்ளி உணவுப் பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பக்கத்துச் சீனப்பள்ளியோடும் தேசியப் பள்ளியோடும் சேர்ந்து, நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உணவுப் பாடம் நடத்துகிறோம். ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வேறு தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

உணவுப் பாடம் என்றால் சமையல் வகுப்பா?

சமையல் அதில் ஒரு பங்குதான். அடுத்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், ஏன் சாப்பிடுகிறார்கள், எதைத் தொடமாட்டார்கள், அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம் இது. கேட்கிற நேரம் பாதி, கை வேலை மீதி. சாப்பிடுவது கடைசிப் பத்து நிமிடம்.

எங்கள் ஊருக்கு இது எதற்கு? எல்லாரும் ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம்?

இருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்களா?

முன்பு தோட்டத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி, ஆற்றுக்கு அப்பால் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பிள்ளைக்கு மலாய்ப்பள்ளி, கடைவீதிப் பிள்ளைக்குச் சீனப்பள்ளி. பெற்றோர் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை தனித்தனிப் பள்ளி. இடைநிலைப் பள்ளியில் கால் வைக்கும்போதுதான் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அதற்குள் பதின்மூன்று வயது ஆகிவிடுகிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது ஏற்கனவே பழக்கமாகிவிடுகிறது. புகுமுக வகுப்புக்கோ முதல் படிவத்துக்கோ போன நம் பிள்ளைகள் முதல் வாரம் கேண்டீனில் தனியே நின்றதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். தமிழ்ப்பள்ளியை விட்டுக்கொடுக்கச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வி இந்த நாட்டில் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அது நிலைக்க வேண்டும். நிலைத்திருக்கும் பள்ளியின் கதவு திறந்திருக்கட்டும் என்கிறேன்.

பல இன உணவு விழா நடத்தினால் போதாதா?

முதல் ஆண்டு நாங்களும் அதைத்தான் செய்தோம். மேசைகள் போட்டோம், அம்மாக்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள், பாவாடை தாவணியும் பாஜு கூரோங்கும் சியோங்சாமும் அணிந்த பிள்ளைகளைப் படம் பிடித்தோம். மாலையில் யோசித்துப் பார்த்தபோது, எந்தப் பிள்ளையும் வேறு பள்ளிப் பிள்ளையோடு ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை என்பது புரிந்தது. தட்டை நீட்டினார்கள், வாங்கினார்கள், தங்கள் கூட்டத்துக்கே திரும்பிப் போனார்கள்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் சொன்னது ஒன்று உண்டு. வேறுபட்ட மக்கள் ஓரிடத்தில் கூடுவதால் மட்டும் மனத்தடை குறைந்துவிடாது. இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான நோக்கம் வேண்டும், அதற்காகக் கூடி உழைக்க வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். எங்கள் விழாவில் தலைமையாசிரியர்களின் ஆதரவைத் தவிர வேறு எதுவும் இல்லை. பரிமாறுகிறவர் ஒருவர், விருந்தாளி ஒருவர் என்று இருந்தால் அது சம நிலை ஆகாது. மூன்று பிள்ளைகள் ஒரே மாவைப் பிசைந்து, "தண்ணி கூடிப்போச்சு, மாவு போடு" என்று அரைகுறை மலாயில் சண்டை போடும்போது அது வந்துவிடுகிறது.

முதல் பாடம் எதில் தொடங்கலாம்?

எங்களுக்குக் கைகொடுத்தது உருண்டைப் பாடம். நம் கொழுக்கட்டை, மலாய்க்காரர்களின் ஓண்டே ஓண்டே, சீனரின் தாங் யுவான் மூன்றையும் ஒரே நாளில் செய்கிறோம்.

கொழுக்கட்டையில் அரிசி மாவு வெளியே, தேங்காயும் வெல்லமும் உள்ளே. ஓண்டே ஓண்டேயில் தேங்காய்ப்பூ வெளியே வந்துவிடும்; குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் உள்ளேயே இருக்கும்; மாவில் பாண்டான் இலைச் சாறு கலந்து பச்சையாக்குவார்கள். சீனர் தாங் யுவானை இஞ்சியும் பாண்டானும் போட்ட சர்க்கரைப் பாகில் மிதக்கவிடுவார்கள். டிசம்பர் 21 அல்லது 22-இல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் குடும்பமே உட்கார்ந்து உருட்டுவது வழக்கம்; அந்த வட்டம் குடும்பம் ஒன்றுகூடுவதைக் குறிக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். போன ஆண்டு ஒரு பையன், "டீச்சர், இவங்க நம்ம கொழுக்கட்டையைத் திருப்பிப் போட்டுட்டாங்க" என்றான். பக்கத்திலிருந்த மலாய்ச் சிறுமி, திருப்பிப் போட்டது நீங்கள்தான் என்றாள். அன்றைய பாடம் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது என்பேன்.

இதில் அறிவியலும் இருக்கிறது. ஓண்டே ஓண்டேக்கும் தாங் யுவானுக்கும் பூலுட் எனப்படும் ஒட்டரிசி மாவு. 250 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பூலுட் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். அதனால் வெந்ததும் ஒட்டும், இழுத்தால் நீளும். சாதாரண அரிசி மாவுக்கு அந்தப் பிசுபிசுப்பு கிடையாது. அதனால்தான் கொழுக்கட்டைக்குக் கொதிநீர் விட்டுக் கிளறுகிறோம். சூட்டில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து பிடிமானம் வரும். பச்சைத் தண்ணீரில் பிசைந்து சொப்பு செய்யச் சொல்லிப் பாருங்கள், விரிந்து உதிரும். அந்தத் தோல்வியைப் பிள்ளைகள் கையால் உணர வேண்டும். கொதிநீரில் போட்ட உருண்டை வெந்ததும் மேலே மிதந்து வரும். அதைப் பார்த்து மூன்று மொழியிலும் கத்துகிறார்கள்.

ஓண்டே ஓண்டேயைச் சூடாகக் கடிக்க விடாதீர்கள். உள்ளே உருகிய குலா மலாக்கா வாயைச் சுட்டுவிடும்.

ஹலால், மாட்டிறைச்சி, சைவம். இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பெற்றோர் மிகவும் தயங்குவது இங்கேதான். நான் இதை இடைஞ்சலாகப் பார்ப்பதில்லை. பாடத்தின் நடுப்பகுதியே இதுதான். ஒருவர் எதைச் சாப்பிடுகிறார் என்பதைவிட எதைச் சாப்பிடமாட்டார் என்பதில்தான் அவர் வீட்டு நம்பிக்கை தெரிகிறது.

அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஒவ்வொரு குழுவும் "எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்" என்ற பட்டியலை எழுதும். காரணத்தையும் பிள்ளையே சொல்ல வேண்டும். முஸ்லிம் பிள்ளை பன்றியும் மதுவும் கூடாது என்பதோடு, இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லும். நம் பிள்ளை மாட்டிறைச்சியைச் சொல்லும். சில வீடுகளில் வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுவதும் சைவம். சீனப் பிள்ளைகளில் குவான் யின் தெய்வத்தை வணங்கும் குடும்பத்தவர் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை என்று கேட்டதும் நம் பிள்ளைகள் வியந்துபோகிறார்கள். பௌத்தர் சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் இருப்பார்கள். கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை.

எல்லாப் பட்டியலையும் சுவரில் ஒட்டிவிட்டு, எல்லாரும் சாப்பிடக்கூடிய ஒன்றை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவேன். அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

சைவமாகச் செய்தால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடவும் வேண்டாம். சம்பாலில் பெலாச்சான் இருந்தால் அது இறால். சிப்பிச் சாறு சைவமில்லை. பழைய முறைச் சீன பிஸ்கட் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. அதற்குப் பதில் கடற்பாசியிலிருந்து வரும் அகார் அகார் வாங்குங்கள். ஜாக்கிம் என்ற அரசு இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரை உள்ள பொட்டலமாகப் பார்த்து வாங்கினால் பாதிக் கேள்வி குறையும். பாத்திரமும் முக்கியம். எவர் வீட்டுச் சமையலறையிலிருந்தும் எடுத்துவராமல், பாடத்துக்கென்றே வாங்கி, தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு பொங்கலன்று பள்ளித் திடலில் சூரியனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை வந்திருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தோம். மலாய் அம்மாக்கள் சிலர் மிகவும் பணிவாக, பிள்ளைகள் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டார்கள் என்று மறுத்தார்கள். படையல் செய்த உணவைப் பல முஸ்லிம் குடும்பங்கள் உண்பதில்லை என்பதைப் பிறகுதான் ஒரு தோழி சொன்னார். அவர்கள் நம்மை மதித்துத்தான் உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் மறைத்தார்கள். அவர்களை அந்தச் சங்கடத்தில் நிறுத்தியது எங்கள் அறியாமை. இப்போது படையலுக்கு ஒரு பானை, பாடத்துக்கு வேறொரு பானை. இரண்டாவதைப் படைப்பதில்லை, அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம்.

நோன்பு மாதத்தில்?

சமையல் இல்லை. இஸ்லாமிய ஆண்டு நம் நாட்காட்டியைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகரும்; ஆண்டுத் திட்டம் போடும்போதே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் கேட்பதும் எழுதுவதும் நடக்கும். மலாய்க்காரர்களின் பூபோர் லம்புக்கையும் தமிழ் முஸ்லிம்களின் நோன்புக் கஞ்சியையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் நல்ல கட்டுரைகள் வரும்.

என் பிள்ளை நம் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோக வெட்கப்படுகிறாள். இந்தப் பாடத்தால் அது கூடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு நன்றி. பிற பண்பாட்டை மதிக்கக் கற்பிப்பதற்கு முன்னால் இது தீர வேண்டும். தன் தூக்குச்சட்டியைத் திறக்கவே கூசுகிற பிள்ளை அடுத்தவர் தட்டை எப்படி நிமிர்ந்து பார்க்கும்?

அதற்காகவே மரவள்ளிக்கிழங்குப் பாடம் வைத்தோம். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்கு மரவள்ளி என்றாலே பஞ்சத்தின் நினைவு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கி 1945 வரை ஆண்ட காலத்தில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்து போனது. லயத்துக் கொல்லையிலும் பால்மர (ரப்பர்) காட்டு ஓரத்திலும் ஊன்றிய குச்சிதான் உயிரைக் காத்தது. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களின் குடும்பங்கள் இங்கே மரவள்ளியை அவித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தன. எங்கள் பாட்டி கடைசிவரை அதைத் தொடவில்லை. "போதும்டி, ஒரு சென்மத்துக்குத் தின்னாச்சு" என்பார்.

இதைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் தங்கள் வீட்டில் கேட்பார்கள். மூன்று வீட்டிலும் அதே மரவள்ளி, அதே ஆண்டுகள். அந்த ஒரு பாடத்தில்தான் வகுப்பே அமைதியாகப் போய்விடும். பிறகு நாங்கள் அதே கிழங்கை அவித்து, ஒரு குழு கடுகு கறிவேப்பிலை தாளிக்க, இன்னொரு குழு தேங்காய்ப்பால் சேர்த்து மலாய்ப் பலகாரம் செய்யும். தோலை நன்றாக நீக்கி முழுக்க வேகவிடுங்கள். பச்சை மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கசப்பு வகையில் அது அதிகம்.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் தாத்தாக்கள் சீவிய பால்மரமும் அங்கிருந்து வந்ததுதான். 1877-இல் மலாயாவுக்கு வந்த கன்றுகளில் ஒன்று வளர்ந்த மரம் பக்கத்துக் கோலகங்சாரில் நிற்கிறது. இப்போது நம்மைச் சூழ்ந்திருக்கும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுடையது. பிள்ளைகளை அந்தக் கோலகங்சார் மரத்தடிக்கு அழைத்துப்போய் இதைச் சொல்லுங்கள்.

மலையடிவார ஓராங் அஸ்லி (பழங்குடி) பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா?

முடியும், சேர்க்கவும் வேண்டும். நம் ஊருக்கு மேலே தெமியார் மக்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் மூங்கில் குழாயில் அரிசியும் கிழங்கும் மீனும் வேகவைப்பார்கள். மலாய்க்காரர்களின் லேமாங்கும் மூங்கிலில்தான் வேகிறது; வாழை இலை சுற்றி, பூலுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, நெருப்பருகே சாய்த்து வைப்பார்கள். தெமியார் பிள்ளைகளை வேடிக்கை காட்ட அழைக்காதீர்கள். மூங்கிலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். அன்று அவர்கள்தான் ஆசிரியர்கள்.

பிள்ளை "சீ, நாறுது" என்று சொல்லிவிட்டால்?

திட்டாதீர்கள், விட்டும்விடாதீர்கள். "எனக்குப் பழக்கமில்லை" என்று மாற்றிச் சொல்லப் பழக்குகிறோம். கருவாடு வறுக்கும் வாடை நமக்குப் பசியைக் கிளப்பும்; அடுத்த வீட்டுக்கு மூக்கைப் பொத்த வைக்கும். பெலாச்சான் சுடும்போது நாம் சன்னலைச் சாத்துகிறோம். ஊறவைத்த பெருங்காயத் தண்ணீரை முகரக் கொடுத்தால் சீனப் பிள்ளைகள் ஓடுவார்கள். பிறகு அதே பெருங்காயம் போட்ட ரசத்தை இரண்டு கிண்ணம் குடிப்பார்கள். ஒரு வாய்கூட வேண்டாம் என்கிற பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. பார்ப்பதும் முகர்வதும் அன்றைக்குப் போதும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகள்?

வேர்க்கடலை, முட்டை, இறால், பால். நான்கையும் முன்கூட்டியே பெற்றோரிடம் எழுத்தில் கேளுங்கள். ஜி6பிடி என்ற இரத்த நொதிக் குறைபாடு பற்றியும் கேளுங்கள். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அதற்கான சோதனை செய்வதால் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அகன்ற அவரைப் பருப்பு ஆகாது. கச்சாங் பூத்தே (வறுத்த பருப்பு, கடலைக் கலவை) பொட்டலம் பிரிக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுப்போ பணமோ இல்லாத பள்ளி என்ன செய்வது?

எரிவாயு அடுப்பு ஒன்றை ஆசிரியர் மட்டும் கையாண்டால் போதும். உருட்டுவது, துருவுவது, மடிப்பது எல்லாம் பிள்ளைகளின் வேலை. பாண்டானும் வாழை இலையும் யார் வீட்டுக் கொல்லையிலாவது இருக்கும். ரிமுப் எனப்படும் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பள்ளிகள் கூடிச் செய்யும் நிகழ்ச்சியாக இதை நடத்த முடியுமா என்று தலைமையாசிரியரிடம் பேசிப் பாருங்கள்.

இப்படியே போனால் நம் அடையாளம் கரைந்துவிடாதா?

அச்சம் புரிகிறது. தோட்டம் போனது, லயம் போனது, கோயிலே சில இடங்களில் இடம் மாறியது. மிஞ்சியிருப்பது மொழியும் சாப்பாடும்தானே என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மலாய் மொழியில் கடையைக் கெடாய் என்கிறார்கள், ஆப்பத்தை அப்பாம் என்கிறார்கள், கறி காரியாகவும் முருங்கை மெருங்கையாகவும் இருக்கின்றன. யாரும் நம்மிடமிருந்து பிடுங்கியவை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதால் ஒட்டிக்கொண்டவை. நாமும் தௌகேயையும் (முதலாளி) சம்பாலையும் நம் சொல்லாகவே பேசுகிறோம். 2024 டிசம்பரில் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது முன்னிறுத்தப்பட்டவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக். அவற்றில் இரண்டை மாமாக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் ஊரெங்கும் பரப்பினார்கள். இந்த நாட்டின் சாப்பாட்டு மேசையில் நம் கையும் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை எங்கும் கரைந்து போகாது. தெரியாத பிள்ளையை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பாட்டி தாத்தாக்களை அழைக்கலாமா?

கட்டாயம். ஆனால் மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லாதீர்கள், வாயடைத்துப் போவார்கள். கையில் மாவைக் கொடுங்கள். கதை தானாக வரும். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) விடியுமுன் ஓடிய கதை, ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்ட கதை, பால் சுமக்கும் காண்டா வாளியோடு கஞ்சித் தூக்கையும் சுமந்த கதை. ஒரு மக்சிக்கும் (மலாய் மூதாட்டியும்) நம் பாட்டியும் ஒரே பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவியபோது, தாங்கள் ஒரே தோட்டத்தின் இரு கரையில் பால் வெட்டியவர்கள் என்று கண்டுகொண்டார்கள். பிள்ளைகளை மறந்துவிட்டு மலாயில் ஒரு மணி நேரம் பேசினார்கள். நாங்கள் குறுக்கிடவில்லை.

மதிப்பெண் உண்டா?

சுவைக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் வேறு பள்ளி நண்பரின் வீட்டுச் சமையல் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும். நண்பரின் பெயர், அவர் வீட்டில் சமைப்பவர், அவர் சாப்பிடாத ஒன்று, அதன் காரணம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "சீனர்கள் இதைச் சாப்பிடுவார்கள்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தச் சீனர், எந்த வீடு என்று கேட்டு எழுதி வரச் சொல்வேன்.

மிச்சமானதை என்ன செய்கிறீர்கள்?

சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். மேலே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மூன்று மொழியிலும் பிள்ளைகளே எழுதி ஒட்டுவார்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். மலாய் வீடுகளிலும் அப்படித்தான் என்பது டப்பாக்கள் திரும்பி வரத் தொடங்கியதும் தெரிந்தது. ஒன்றில் குயே என்ற பலகாரம், ஒன்றில் நான்கு ரம்புத்தான், சீனப் பிள்ளையின் டப்பாவில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சு. இப்போது டப்பாக்களைக் கணக்குப் பார்க்கவென்றே ஐந்தாம் ஆண்டில் இரண்டு பிள்ளைகளை நியமித்திருக்கிறோம்.